இடுப்பில் ஒரு மேக்னம்

அமெரிக்காவில், சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு முட்டை வாங்கப் போகிறவருக்குப் பெரிய தர்மசங்கடம். கனமான ரிவால்வர் என்றால் பேன்ட் இறங்குகிறது. லேசானது என்றால் கை கழன்றுபோகிறது.

.357 மேக்னம் என்ற வலுவான தோட்டா 1935இல் வந்தபோது அதைச் சுட்ட துப்பாக்கி ஒரு கிலோவுக்கு மேல். இன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 340 பி.டி. ரிவால்வர் அதே தோட்டாவை ஏறக்குறைய 330 கிராமில் சுடுகிறது. ஐந்தே தோட்டாதான் கொள்ளும். '120 கிரெயின் எடைக்குக் குறைந்த குண்டு போடாதே' என்று குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். அது போக, ஒன்றைச் சுட்டால், அந்த உதையில் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கழன்று முன்னே வந்துவிடக்கூடுமாம். மிச்சமிருக்கும் தோட்டாக்களுக்கே தாங்கவில்லை, மணிக்கட்டு எம்மாத்திரம்!

அதனால் விவரமானவர்கள் மேக்னத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு, உள்ளே சாதுவான .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுக்கொள்கிறார்கள். தாராளமாகப் பொருந்தும். பெருமைக்கு மேக்னம், பிழைப்புக்கு .38. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் 1971இல் ஒரு படத்தில் .44 மேக்னத்தை நீட்டினாரே என்பீர்கள். அவருக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஐயா.

கடையில் கையில் தூக்கிப் பார்த்து மயங்காதீர்கள். சுடுதளத்தில் ஐந்து தோட்டாவையும் சுட்டுப் பாருங்கள். அப்புறமும் மேக்னம்தான் என்றால், முதலில் நல்ல பெல்ட் ஒன்று வாங்குங்கள்.