கான்சாஸிலும் ஒரு கடைமடை

விச்சிட்டா, கான்சாஸ்
மே மாதக் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

லீவு நாளில் என்னதான் செய்கிறாய் என்று போனில் கேட்டீர்களே, போன சனிக்கிழமை உள்ளான் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். வேதாரண்யத்தில் உப்பளத்து வரப்பில் சைக்கிள் மிதித்தால் கூட்டமாக எழும்பிப் பறக்குமே, அதே வகையறாதான். இங்கே அதைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது.

இடத்தின் பெயர் குவிவீரா. 1955-ல் ஏற்படுத்திய சரணாலயம், 22,000 ஏக்கர். கடல் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி; ஆனாலும் உப்புச் சதுப்பு. பூமிக்கடியில் இருக்கும் பழைய உப்புப் படிவம் ஊறி வருகிறதாம். மரம் கிடையாது, காற்று உண்டு. தயிர்சாதத்தைத் திறந்தேன், மூடி பறந்துபோய் அடுத்த காரில் அடித்தது.

அங்கே ரிட்டயர்டு தாத்தாக்கள் இரண்டு பேர் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திக்கொண்டு சண்டை. ஒருவர் "வெள்ளை இடுப்பு உள்ளான்" என்கிறார், மற்றவர் "பெயர்டு உள்ளான்" என்கிறார். இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் கறுப்புக் கால், மடக்கிய இறக்கை வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதும் இரண்டுக்கும் பொது. பறந்தால்தான் பின்பக்கம் வெள்ளையா என்று தெரியும். அதுவோ சேற்றிலிருந்து அலகை எடுப்பதாயில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் கிளம்பி, கனடாவின் வடகோடிக்கு முட்டையிடப் போகிற பறவை. நடுவழியில் இந்தச் சேற்றுச் சிவப்புப் புழுக்களைத் தின்று கொழுத்தால்தான் மிச்ச தூரம். இவர்கள் பஞ்சாயத்துக்காக அது ஏன் பறக்கும்?

கடைசியில் ஒரு பைரி வந்தது. கூட்டம் மொத்தமும் எழும்பியது. வெள்ளை, வெள்ளை! தோற்ற தாத்தா ஒன்றும் பேசாமல் பிஸ்கட் டப்பாவை ஜெயித்தவரிடம் நீட்டினார்.

ஃபலரோப் என்று இன்னொன்று. தண்ணீரில் பம்பரமாய்ச் சுற்றிச் சுற்றி, கீழே கிடக்கும் இரையை மேலே கிளப்பிக் கொத்துகிறது. அதில் பெண்தான் பகட்டு. முட்டையிட்டுவிட்டு அது தன் பாட்டுக்குப் போய்விடும், அடைகாப்பது ஆண். கூட வந்த உங்கள் மருமகள் அதை மட்டும் வெகுநேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கென்றே ஒரு சேதி. இந்தச் சதுப்புக்கு ராட்டில்ஸ்நேக் என்கிற ஓடைதான் தண்ணீர். 1957-லேயே சரணாலயம் உரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டது. முதலில் கேட்டவனுக்கே முதல் தண்ணீர் என்பது இந்த ஊர்ச் சட்டம். ஆனால் பின்னால் வந்த மக்காச்சோளக்காரர்கள் மேலே போர் போட்டு உறிஞ்ச, ஓடை மெலிந்துவிட்டது. சரணாலயத்துக்குப் பாதிப்புதான் என்று 2016-ல் மாநில அதிகாரிகளே எழுதிக்கொடுத்தார்கள். அதன்பிறகும் ஓடையைவிடப் பேச்சுவார்த்தைதான் நன்றாக ஓடியது. கடைமடைக்காரரான உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். என் ஓட்டு பறவைகளுக்குத்தான். ஆபீசில் பாதிப் பேர் சோளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

மார்கழியில் கோடியக்கரைக்கு உள்ளான்கள் வரும்போது பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்களா, நம் வாய்க்காலைத் தூர்வாரிவிட்டார்களா என்று மறக்காமல் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்