வெப்பம் துப்புகிற வினை

ஷாதி என்றால் கல்யாணம். கல்யாணத்தின் பெயரையே வைத்துக்கொண்ட அந்தமான் ஷாதிபூரில் குடித்தனம் நடத்துகிறவனுக்கு, வெப்பம் வெளிவரும் வினைகளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் பென்ஷன் வாங்கியபின் சும்மா இருக்க மாட்டாமல், தொழிற்சாலைப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். எல்லாம் வினை!

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வெப்ப உமிழ் வினை’ என்று இருக்கிறது. வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன்.

“என்னங்க, உமிழ்றதுன்னா துப்புறதுதானே? பான் போட்டுட்டு மாடிப்படியில துப்புறாங்களே, அதுக்கா புஸ்தகம்?” என்றாள் மனைவி.

இந்தியில் படித்த மகன், அங்கே அது ‘ஊஷ்மாக்ஷேபி’ என்றான். வெப்பத்தை எறிவதாம். இலங்கைத் தமிழ் நூலில் ‘புறவெப்பத் தாக்கம்’. ஆக, ஒரே சூடு சென்னையில் துப்புகிறது, டில்லியில் எறிகிறது, யாழ்ப்பாணத்தில் தாக்குகிறது. அந்த யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன், 1875இல் வந்த தம் வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் வைத்துவிட்டார். விவரமான மனிதர்.

அடுத்தது கழிவு வெப்பம். இது எங்களுக்குப் பழக்கம். தீவின் மின்சாரம் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலிலிருந்துதான். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் உண்டு. நாலு யூனிட் கம்பியில் ஏறினால் அதிகம். மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் போய்விடும். என் பென்ஷனே மேல் என்று மனைவி ஒருநாள் ஒப்புக்கொண்டாள்.

மொட்டைமாடியில் தொட்டி கட்ட வந்த கொத்தனாரிடம் ‘நீரேற்ற வெப்பம்’ பற்றிப் பேசினேன். சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்தால் சூடு பிறக்கும், உள்சூடு அடங்காவிட்டால் பெரிய கான்கிரீட்டில் விரிசல் விழும், அதற்காகவே அமெரிக்காவின் ஹூவர் அணைக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓட்டினார்கள் என்றெல்லாம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி விடணும்” என்றார். பிறகு, “தாத்தா காலத்துல கிளிஞ்சல சுட்டு நீத்துவாங்க. அண்டா மாதிரி கொதிக்கும், கிட்டப் போக முடியாது” என்றார்.

நீற்றுதல்! சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர், கொதிப்பு, பொடி எல்லாம் ஒரே சொல்லில். அதே காரியத்துக்கு நான் ‘நீர்ச்சேர்க்கைசார் வெப்ப வெளியேற்றச் செயல்முறை’ என்று எழுதி, அழகு பார்த்து, கீழே கோடும் போட்டிருந்தேன்.

கையேட்டின் கடைசி அத்தியாயம், சூடு கைமீறிப் போவது. ‘வெப்ப ஓட்டம்’ என்று போட்டேன். “ஓடிப்போனா நல்லதுதானே, விடுங்க” என்றாள் மனைவி. சரியான கேள்வி. தொழிலாளியும் அப்படித்தானே நினைப்பான்? 1984 டிசம்பரில் போபால் பூச்சிமருந்து ஆலையின் 610ஆம் எண் நச்சு ரசாயனத் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது நடந்தது இதுதான். அங்கே ஓட வேண்டியிருந்தது வெப்பமல்ல, ஊர்.

ஓட்டத்தை அடித்துவிட்டு எழுதினேன்: ‘சூடு ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக ஆக மேலும் சூடு ஏறும், தானாக அடங்காது, உடனே மணியை அடி.’ ஒரு கலைச்சொல் போன இடத்தில் ஒரு டஜனுக்கு மேல் சொற்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. கூலி சொல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆகவே வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.