வழக்கு மனை எருக்கும் அதன் குடியிருப்போரும்: ஓர் ஆய்வு

தென் சென்னையில் ஒரு மனை எவ்வளவு காலமாக வழக்கில் கிடக்கிறது என்றறிய வில்லங்கச் சான்றிதழ் தேவையில்லை. அங்கே நிற்கும் எருக்கஞ்செடியைப் பார்த்தால் போதும் என்பது நம் கருதுகோள். முழங்கால் உயரமா, அண்ணன் தம்பிகள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். இடுப்பளவு என்றால் வக்கீல் வைத்தாயிற்று. ஆளுயரம் தாண்டினால் மேல்முறையீடு. தி.நகர் உட்தெருக்களிலும் அடையாறு காந்தி நகரிலும், 'இந்த இடம் வழக்கில் உள்ளது, யாரும் வாங்க வேண்டாம்' என்ற தகரப் பலகையின் அடியில் இதைச் சரிபார்க்கலாம்.

மயிலாப்பூர் மாடு சினிமா போஸ்டரைத் தின்னும், எருக்கைத் தின்னாது. இலையைக் கிள்ளினால் வடியும் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது.

இனி அனுபோகதாரர்கள். முதல்வர் தச்சுத்தேனீ, பார்த்தவர்கள் கருவண்டு என்பார்கள். பக்கத்துப் பாழ்வீட்டு உத்தரத்தில் வட்டத் துளை போட்டுக் குடியிருப்பார். வாடகை, அட்வான்ஸ் எதுவும் கிடையாது. எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டிரண்டாகப் பிணைத்த பொட்டலமாக அவர் காலில் மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு அதை நேரில் சார்வு செய்வது அவர் பொறுப்பு. தண்டு நுனியில் மஞ்சள் அசுவினிகள் அப்பிக் கிடக்கும். எல்லாமே பெண்கள், ஆண் துணையின்றியே குட்டி போடுவார்கள். வாரிசுத் தகராறு இல்லாத ஒரே குடும்பம் இந்த மனையில் இதுதான்.

நம் கவனத்தை அதிகம் ஈர்த்தது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி. லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்டுப் பதிவு செய்துவிட்டதால் மூலப்பத்திரம் சுத்தம். அதன் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளுமாக எருக்கிலையை மென்று அந்த நஞ்சையே உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பறவைகள் ஒதுங்கிப் போகும். இந்தச் செல்வாக்கைப் பார்த்து, பருப்புக்கீரை தின்று வளர்ந்த வேறோர் இனத்துப் பெட்டை, அதே ஆரஞ்சுச் சிறகும் அதே கறுப்பு ஓரமுமாகப் போலிப் பத்திரம் தயாரித்துக்கொண்டு திரிகிறது. அதன் ஆணோ கறுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு இருப்பதால் குட்டு உடைகிறது. ஆனால் பறவைகள் ஆணையும் பெண்ணையும் சேர்த்துவைத்துச் சரிபார்ப்பதில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள், இந்த மனைகளின் மொட்டுகள் மாட வீதியில் மாலையாகத் தொங்கும். வாதியும் பிரதிவாதியும் ஆளுக்கொன்று பேரம் பேசி வாங்கிப் போவார்கள், சொந்த மனையின் விளைச்சல் என்று தெரியாமல். எருக்கையும் கடவுள் ஒதுக்கமாட்டார் என்று பாரியின் கொடையைப் பாடும்போது சொன்னவர் கபிலர். முழம் என்ன விலை என்று அவர் சொல்லவில்லை.

பூ வெள்ளையாக இருந்துவிட்டால் நிலைமை வேறு. வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் இருக்கிறார் என்று யாராவது மஞ்சள் துணி கட்டுவார்கள், ஒரு மாதத்தில் தகரக் கூரை, ஒரு வருடத்தில் உண்டியல். வழக்கில் புதிய பிரதிவாதியாகப் பிள்ளையார் சேர்வார். இந்தியச் சட்டத்தில் தெய்வம் என்றைக்கும் மைனர் என்பதால், அவர் சார்பில் கார்டியன் யார் என்று இன்னொரு வழக்கு தனியாகத் தொடங்கும்.