பைப்பை மாட்டி இறுக்கு மாப்ள!

வாய்யா மாப்ள, வா. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏத்திப் போற உன் பழைய பிக்கப்பு எந்தெந்தத் தெருவுல நின்னுச்சுன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல. தரையில ஆயில் சொல்லிரும். கோயில் விளக்குக்கு ஒரு கரண்டி ஊத்தாதவன், தார் ரோட்டுக்குத் தெனமும் ஊத்துறே. தர்மவான்யா நீ!

ஆயில் சேம்பர் பேக்கிங்தான் போச்சுன்னு முடிவே கட்டிட்டியாமே. அடியில சொட்டுனா அடியிலதான் கோளாறா? டேப்பட் கவர்ல கசிஞ்சாலும், ஃபில்டர்ல கசிஞ்சாலும், வழிஞ்சு வந்து சேம்பர் விளிம்புலதான் சொட்டும். இஞ்சினைக் கழுவித் துடைச்சு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, டார்ச் அடிச்சு மேலேருந்து கீழ பாக்கணும். அதுக்கு உனக்கு ஏது நேரம்? டீக்கடையில நாட்டு நடப்பை யாரு பேசுறது?

சரி, சேம்பர்தான்னே வச்சுக்குவோம். ஸ்பேனர்ல பைப்பை மாட்டி, தம் கட்டி இறுக்குனியாமே. பலே! தக்கைப் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கியிருக்கும். தகர விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுத்திக் குழிஞ்சிருக்கும். இனிமே ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல சந்து. புதுப் பேக்கிங் போட்டாலும் ஆயிலுக்கு அதுதான் ராஜபாட்டை. கழட்டுனதும் அந்த விளிம்பைக் கட்டை மேல வச்சு மெல்லத் தட்டிச் சமன் பண்ணு. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும்யா, மணிக்கட்டுப் பலம். நடுவுல ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, ரெண்டு மூணு சுத்தா இறுக்கணும். மீசையை முறுக்குற வேகத்தை போல்ட்டுல காட்டாத.

அடுத்து சிலிக்கான் பேஸ்ட்டு. முழு டியூப்பையும் பிதுக்கி அப்பேன், காசு குடுத்துத்தானே வாங்குன! உள்ள பிதுங்குனது பிஞ்சு விழுந்து, ஆயில் உறிஞ்சுற சல்லடையை அடைக்கும். ஆயில் மேல ஏறாது, பேரிங் தேயும், இஞ்சின் பிடிச்சுக்கும். அப்புறம் ஒரு சொட்டு ஒழுகாது. வண்டி ஓடுனாத்தானே ஒழுகுறதுக்கு! டைமிங் கவரும் பிளாக்கும் சேர்ற மூலையில மட்டும் லேசாத் தடவு. டியூப்புல போட்டிருக்க நேரம் வரைக்கும் காயவிட்டுட்டு ஆயிலை ஊத்து.

எல்லாம் பண்ணியும் கசிஞ்சா, பேக்கிங் வித்தவனைத் திட்டிட்டு வராத. பிரீதர் குழாயைக் கழட்டி ஊதிப் பாரு. அது அடைச்சிருந்தா உள்ள சேர்ற காத்து போக வழியில்லாம, கிடைச்ச இடுக்குல ஆயிலைத் தள்ளும்.

கடைசியா ஒண்ணு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காத. ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடு. உன் மேல பாசமெல்லாம் ஒண்ணுமில்ல. போன பொங்கலுக்கு வாங்குன கைமாத்து இன்னும் வரல.