மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

நேர்காணலில் "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். "எதையும் முழுசாச் செஞ்சு முடிக்காம எனக்குத் தூக்கம் வராது சார்." சுத்தப் பொய். உண்மையான விடை வேண்டுமென்றால் ஆளை ஏசி அறையில் உட்காரவைத்துக் கேட்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு, தலையில் சீயக்காயோடு நிற்கும்போது, குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். கீழே சம்ப், மொட்டை மாடியில் டேங்க், நடுவே ஒரு மோனோபிளாக் மோட்டார். போன மாதம் ஒரு நாள் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. சம்ப்பில் கழுத்தளவு தண்ணீர் கிடந்தது.

முதல் மாடி சார் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். குறிப்பு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே அவர் கண்ணுக்கு இது தண்ணீர்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை, பொறுப்பு நிர்ணயிக்கும் பிரச்சினையாகத் தெரிந்தது. கடைசியாக மோட்டார் போட்டது யார், எத்தனை மணிக்கு, எப்போது நிறுத்தினார்கள் என்று ஒரு நீள நோட்டில் கட்டம் போடத் தொடங்கினார். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில்.

மூன்றாம் மாடித் தம்பி ஐ.டி.யில் இருக்கிறார். எது நின்றாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது அவர் மார்க்கம். மோட்டாருக்கும் அதே வைத்தியம் நடந்தது. பிறகு, டேங்கில் சென்சார் வைத்தால் தண்ணீர் தீர்ந்ததும் செல்போனுக்குத் தகவல் வந்துவிடும் என்றார். அந்தத் தகவலை எட்டு வீட்டு பக்கெட்டுகளும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

நான் அச்சுப் பிழை திருத்தியே வயிறு வளர்ப்பவன். எழுத்து எங்கே இருந்தாலும் வாசிப்பேன். மோட்டாரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். விஷயம் விளங்கிவிட்டது. இந்தப் பம்ப்புக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் அது கீழேயிருந்து இழுக்கும். காற்று புகுந்துவிட்டால் சும்மா சுற்றும். தண்ணீர் இறங்கிவிடாமல் காப்பது குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு. அதன் வாயில் ஏதாவது சிக்கினால் மூடாது, ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் சம்ப்புக்கே திரும்பிவிடும். அடுத்து பிளம்பருக்குப் போன் செய்ய வேண்டும். அங்கேதான் என் சங்கதி. முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசுவதைவிட, இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவது எனக்குச் சுலபம். ஏறினேன். ஓய்வு வேளையில், கையேட்டில் மூன்று இடங்களில் 'குலாய்' என்று இருந்ததைத் திருத்தினேன்.

1942இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வும் தண்ணீர் பற்றியதுதான், தாளில் எழுதிய தண்ணீர். 21, 127, 3 அளவுள்ள மூன்று ஜாடிகளைக் கொண்டு 100 அளக்க வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு தடவையும் 3ஐ இரண்டு தடவையும் ஊற்றிவிட்டால் ஆயிற்று. இதே வழியில் தீர்கிற கணக்குகளாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு, 23, 49, 3 ஜாடிகளால் 20 அளக்கச் சொன்னார். 23இல் 3 போனால் 20. சின்னப் பிள்ளை சொல்லும். பழகியவர்களில் பெரும்பாலோர் 49ஐ நிரப்பி, 23ஐ ஊற்றி, 3ஐ இரண்டு தடவை ஊற்றி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பழக்கமே இல்லாதவர்கள் நேரே போனார்கள். வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கிற ஒருவரை அந்த அறையில் உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆய்வாளர் பார்த்திருக்கலாம்.

என் மனைவிக்குப் பொறுமை கிடையாது. இது இரு வீட்டாரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட குறை. ஃபுட்வால்வு பற்றிய என் விளக்கம் பாதியில் இருக்கும்போதே, "ஏங்க, அது எதுவா வேணா இருக்கட்டும்" என்று செல்போனை எடுத்தாள். "அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. கையோட வாங்க." அவ்வளவுதான்.

வந்தவர் பம்ப்பின் மூடியைக் கழற்றி, மக்கால் தண்ணீர் ஊற்றினார். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. ஊற்ற ஊற்ற உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. "வால்வு புடிக்கல" என்று குழாயையே வெளியே இழுத்துப் போட்டார். ஃபுட்வால்வின் சல்லடை உடைந்திருந்தது. வாயில் சிக்கியிருந்தது, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டின் கிழித்தெறிந்த மூலை. பச்சை நிறம். முதல் மாடி சார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நோட்டில் புதிதாக ஒரு பத்தி திறந்தார்: 'எந்த வீட்டில் எந்த ஷாம்பு'.

அன்றிலிருந்து என் மனைவிக்கு அந்த ஒரு நம்பர் போதும். ஃபேன் சத்தம் போட்டாலும் அண்ணன்தான், பீரோ சாவி தொலைந்தாலும் அண்ணன்தான். லூச்சின்ஸைச் சொல்லி எச்சரித்தேன். போன வாரம் பத்தாவது படிக்கும் பையன் முக்கோணவியல் புரியவில்லை என்று உட்கார்ந்திருந்தான். நான் பாடப்புத்தகத்தை எடுத்து முன்னுரையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். அவள் பிளம்பருக்குப் போன் போட்டாள்.

அவர் மகள் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறாளாம். சனி, ஞாயிறு சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.