பிராஜெக்ட் அண்ணன்

"சின்னதா ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன்" என்று அண்ணன் தொண்டையைச் செருமினால், கடைசிப் பாயில் இருக்கிற பையன்கள் கண்ணாலேயே வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சின்னது முக்கால் மணி நேரத்தில் கலெக்டர் தலைமை, எம்.எல்.ஏ. முன்னிலை என்று ஊதிப் பெருத்துவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

மானாம்பதிப் பக்கம் வாலிபர் ஐக்கியம் வைத்திருக்கிற சபை எதுவானாலும் இப்படி ஒரு அண்ணன் உண்டு. எந்தச் சபை என்று கேட்காதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற பஸ்ஸில் ஏறினால் நிறுத்தத்துக்கு ஒருவர் கிடைப்பார். கையில் போன வருஷத்து எல்.ஐ.சி. டைரி, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. மற்றவர்கள் ஊழியம் என்பதை இவர் 'பிராஜெக்ட்' என்பார். வயது 38. பெரிய பெண் ஏழாவது படிக்கிறாள். வாலிபர் ஐக்கியத்தில் இவர் இன்னும் வாலிபராகவே இருக்கிறார். நான் அவருக்குச் சொந்த அத்தை மகன். மினிட்ஸ் நோட்டு என் கையில். ஆகவே நான் சொல்வதில் பொய் இருக்காது, கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கலாம்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மண்வாகு அப்படி. பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. கமிட்டிக்கு ஆள் எடுப்பது எப்படி என்று, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர். ஊரைக் 'குடும்பு' என்று 30 வட்டங்களாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, சூதுவாது தெரியாத ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். 360 நாள் ஆனதும் துண்டை உதறிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். (அது பிராமண சபை. எங்கள் பாட்டன்மார் பெயர் அந்தக் குடத்துப் பக்கமே போயிருக்காது. ஏரிக்கு மண் சுமந்த வரிசையில் வேண்டுமானால் நின்றிருப்பார்கள்.)

இது ஊர் வழி வந்த சொத்து. சபை வழியிலும் ஒன்று வந்திருக்கிறது. 1881-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தை ஆரம்பித்தார். வாலிபர்கள் சும்மா இருந்தால் கெட்டுப்போவார்கள், ஆளுக்கொரு கமிட்டியில் போடு என்பது அவர் வைத்தியம். ஆலயத்தில் பூ வைப்பதற்கென்றே பூக் கமிட்டி ஒன்று இருந்தது. சோழர் காலத்து வாரியமும் போர்ட்லண்டுக் கமிட்டியும் கூடுகிற சங்கமத்தில்தான் எங்கள் அண்ணன் டைரியோடு நிற்கிறார். வாரியத்தில் உட்கார 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. அந்தக் கணக்கில் அவருக்கு இப்போதுதான் மீசை அரும்புகிறது.

கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேச முடியாது. காரணம், அவர் திட்டத்தைப் பேச்சில் சொல்வதில்லை. ஆரம்ப ஜெபத்திலேயே சொல்லிவிடுவார். எல்லாரும் கண்ணை மூடியிருப்போம். "ஆண்டவரே, வருகிற 22-ஆந் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மஞ்சள் டி-ஷர்ட்டோடு வரப்போகிற உம்முடைய பிள்ளைகளை ஆசீர்வதியும். டி-ஷர்ட்டுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்ட கிருபை தாரும்." இதற்கு எல்லாரும் ஆமென் சொல்லியாகிவிடும். கண்ணைத் திறந்து, "அண்ணா, மஞ்சள் வேணாமே" என்று ஒரு பெண் சொன்னால், "ஜெபத்துல வச்சாச்சும்மா" என்பார். ஆமென் சொன்ன வாயால் எப்படி மறுப்பது?

அடுத்தது பிளெக்ஸ். என்ன வேலை செய்யப்போகிறோம் என்பது முடிவாவதற்குள் பிளெக்ஸ் அச்சாகி வந்துவிடும். மேலே பேராயர், அடுத்து போதகர் ஐயா, அப்புறம் கமிட்டி மூப்பர்கள், இடது ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்ட அண்ணன். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களுக்கு மீதமிருக்கிற மூலையில் ஒரு தபால்தலை அளவு இடம்.

ரத்ததான முகாம் ஒன்று போட்டார். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 45 கிலோ இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் ஐக்கியத்தில் வயது இருந்தவனுக்கு எடை இல்லை, எடை இருந்தவனுக்கு வயது இல்லை. இரண்டும் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவர் சிறப்பு விருந்தினரை அழைத்துவரக் கூட்ரோடுக்குப் போயிருந்தார்.

ஒரு வருஷம் அண்ணனுக்குத் தேனீப் பைத்தியம் பிடித்தது. கே.டி. பால், ஸ்பென்சர் ஹாட்ச் என்று ஒய்.எம்.சி.ஏ.க்காரர்கள் 1920-களில் மார்த்தாண்டத்தில் கிராமப் பணி தொடங்கி, தேனீ, கோழி என்று ஜனங்களுக்குக் கைத்தொழில் பழக்கியதை எங்கோ படித்துவிட்டார். இன்றைக்கும் மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் இருக்கிறதல்லவா, மானாம்பதித் தேனுக்கு ஏன் இருக்கக் கூடாது என்றார். நல்ல கேள்விதான். அந்த ஹாட்ச் ஊரோடு தங்கிக் கிடந்தார் என்ற பாகம் வந்தபோது மட்டும் அண்ணன் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஒரே ஒரு பெட்டி வாங்கினோம். தேனீ வரவில்லை. இப்போது அதில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

கிறிஸ்துமஸ் வந்தால் போர்வை. வருஷா வருஷம் அதே ஏழு கைம்பெண்களுக்கு அதே செங்கல் நிறப் போர்வை. போன தடவை போட்டோவுக்கு நிற்கவைத்தபோது கோயில் தெருக்கோடி ஆயா வாயைத் திறந்துவிட்டாள்.

"எத்தினி போர்வடா குடுப்பீங்க? போன வருசத்துது, அதுக்கு மிந்தின வருசத்துது எல்லாம் பொட்டியில கீது. எனுக்கு முதியோர் பணம் நின்னு நாலு மாசம் ஆவுது. உத்தரமேரூர் தாலுக்கா ஆபீசுக்கு ஒருநாளு கூட்டிகினு போய் இன்னா ஏதுன்னு கேட்டுச் சொல்லேன்."

மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2023-இல் 1,200 ஆன பணம். அது வந்தால்தான் அவளுக்கு மாத்திரையும் வெற்றிலையும். அண்ணனுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. இதை ஒத்துக்கொள்ள வேண்டும், மனுஷன் கல்நெஞ்சக்காரர் இல்லை. உடனே டைரியைத் திறந்து சிவப்புப் பேனாவில் எழுதினார்: 'மாபெரும் முதியோர் உதவித்தொகை விழிப்புணர்வு முகாம்.' பந்தல் எவ்வளவு ஆகும் என்று அப்போதே போன் போட்டார். ஆயா அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையனின் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பின்னால் உட்கார்ந்து போய்வந்துவிட்டாள். கைரேகை விஷயமாம்.

ஆனால் அண்ணனின் தலைசிறந்த படைப்பு என்று நான் கருதுவது பனை விதைதான். 2021-இல் தமிழக அரசு வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டு 76 லட்சம் பனை விதை என்று அறிவித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ஏரிக்கரையில் பனை நட்டால் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், மண் சரியாது. சரியான யோசனை, செலவும் இல்லை. ஆவணியில் பழம் விழ ஆரம்பித்தது. பையன்கள் விடியற்காலையில் டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பொறுக்கினார்கள். விரலெல்லாம் மஞ்சள் நாரும் பிசினும் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்கப் பனம்பழ வாசனை. அது ஒன்றுதான் நாங்கள் கூடி உருப்படியாகச் செய்த வேலை. ஆயா கொடுத்த இரண்டு கோணி நிறைய விதை சேர்ந்தது.

அன்று மாலையே கடப்பாரையை எடுத்துப் போயிருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் விழா வேண்டாமா? சிறப்பு விருந்தினருக்கு முதல் வாரம் தோதுப்படவில்லை. இரண்டாம் வாரம் அவர் வீட்டில் கல்யாணம். மூன்றாம் வாரம் பிளெக்ஸில் 'பனை' என்பது 'பானை' என்று அச்சாகிவிட்டது; 'பானை விதை நடும் விழா'வை எப்படி ஏரிக்கரையில் கட்டுவது? அதைத் திருத்துவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மினிட்ஸில் நான் நான்கு தடவை 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன். கோணிகள் ஆலயத்துக்குப் பின்னால், மதில் கட்டிய மிச்ச மணலோரம் நனைந்துகொண்டு கிடந்தன.

பனை விதைக்குக் கமிட்டி தெரியாது. ஈரம் பட்டால் முளை விடும். கோணியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முளை வெளியே எட்டிப் பார்த்ததை, பெருக்க வந்த ஆயாதான் முதலில் கண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. விதைகளை அந்த மணலில் கொட்டிப் பரப்பி, மேலே இரண்டு கூடை மண் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். எங்களில் ஒருவனும் கவனிக்கவில்லை. நாங்கள் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பேசுவதில் மும்முரமாக இருந்தோம்.

ஜனவரியில் ஆண்டுக் கணக்கு வாசிக்கும் கூட்டம். பிளெக்ஸ் இரண்டு தடவை, டீ, சமோசா, விருந்தினருக்குச் சால்வை எல்லாம் வாசித்தேன். விதை என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு. இந்த இடத்தில் உத்திரமேரூர்க்காரர்களை நினைத்து எனக்கு வியர்த்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்தில் பெயர் போடக் கூடாது என்பதோடு அவர்கள் விடவில்லை. அவனுடைய மாமன், மச்சான், மருமகன் என்று வரிசையாகச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். அந்த வரிசையில் அத்தை மகனும் உண்டு.

சால்வைக் கணக்கில் ஒரு தம்பி கையைத் தூக்கிய நேரத்தில், பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஆயா வந்தாள். இடுப்பில் அன்னக்கூடை, அதில் ஆவி பறக்க வேகவைத்த பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது. கூட்டம் தானாகக் கலைந்தது. தோலை உரித்து, நடு நரம்பை இழுத்துப் போட்டு, நாராய்க் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சால்வை மறந்துபோயிற்று. போதகர் ஐயா இரண்டு எடுத்தார். அவர் மனைவி ஐயரம்மா மூன்று.

அண்ணன் கிழங்கைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பச்சைப் பேனா வெளியே வந்தது.

"ஆயா, இதையே அடுத்த வருஷம் பெரிய லெவல்ல பண்ணலாம். பனங்கிழங்குத் திருவிழா. நீதான் தலைமை."

ஆயா கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"தலம இருக்கட்டும். நான் குடுத்தது ரெண்டு கோணி. கிழிஞ்சது ஒண்ணு மணலாண்ட கெடந்துது. இன்னொண்ணு எங்க?"

வாசலில் நின்றிருந்த அண்ணனின் பைக் சீட்டின் மேல், பனி படாமல் நாலாய் மடித்துப் போட்டிருந்ததை எல்லாரும் பார்த்தோம். அண்ணனும் பார்த்தார்.

"அடுத்த கூட்டத்துல கணக்கு வைக்கிறேன் ஆயா" என்றார்.