திரை துறந்த இளைஞரும் திரி பிடித்த கையும்: ஓர் ஆராய்ச்சி

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் வளரும் இளைஞர்கள், தங்கள் பாட்டனார் காத தூரம் சைக்கிள் மிதித்துப் போய், டூரிங் டாக்கீஸ் தரையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து கண்டு களித்த சினிமாவை விடுத்து, கையகலக் கண்ணாடிக்குள் துப்பாக்கி சுடும் வீடியோ கேமிடம் மனத்தைப் பறிகொடுத்தது ஏன் என்ற வினாவைச் சர்வகலாசாலைகள் உரிய கௌரவத்துடன் கவனிக்கத் தவறியமையால், அதை முறைப்படி ஆராயும் பொறுப்பு வேறு ஜோலியற்ற என் போன்றோர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

தர்க்க சாஸ்திர வழக்கை ஒட்டிப் பூர்வபட்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இக்காலப் பிள்ளைகள் சோம்பேறிகள், தியேட்டர்வரை நடக்க மனமில்லாதவர்கள், போதாக்குறைக்குக் காசுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் என்பது பெரியோர் கட்சி. இக்கட்சி நில்லாது. இரவு 2 மணிக்குப் போர்வைக்குள் கண் சிவக்க விழித்திருந்து, முகமறியாத 49 பேருடன் ஒரு தீவில் குதித்து, அவர்கள் அத்தனை பேரும் மடிந்தபின் கடைசி ஆளாக நிற்பதற்குப் பாடுபடுகிறவனைச் சோம்பேறி என்பது அபாண்டம். காசு விஷயத்திலோவெனில், டிக்கெட் விலைக்கு முகம் சுளிக்கும் அதே பிள்ளை, துப்பாக்கிக்கு வர்ணப் பூச்சும் பொம்மைக்குச் சட்டையும் வாங்குவதற்காக ‘டயமண்ட்’ என்ற ஆகாயச் சரக்கைப் பணம் கொடுத்துப் பெறுகிறான். தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்க அழைத்தால் மட்டும் வரமாட்டான்.

அடுத்தது புராதன சான்று. வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களோடும் கண்ணாடி மணிகளோடும் ஆட்டக்காய்களும் சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. சினிமா டிக்கெட்டின் அடிக்கட்டை ஒன்றேனும் எந்தக் குழியிலிருந்தும் வெளிப்பட்டதாகத் தகவல் இல்லை. ஆகவே வைப்பாற்றங்கரை மக்களுக்கு ஆட்டம் பூர்வீகச் சொத்து என்பதும், 1931-இல் ‘காளிதாஸ்’ மூலம் வாய் திறந்த தமிழ்ப் பேசும்படம் நேற்று வந்த விருந்தாளி என்பதும் அனுமானப் பிரமாணத்தால் சித்திக்கின்றன. இல்லாத ஒன்றிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, இதைவிடச் சிறிய குழியிலிருந்து இதைவிடப் பெரிய முடிவுகளை எடுத்த பண்டிதர்கள் உண்டு என்று பணிவுடன் விடையளிப்பேன்.

இனிச் சித்தாந்தம். மழையை நம்பிப் பயனில்லை என்று கண்டு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் தொட்டுச் சிவகாசிக்காரன் வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் அல்லன். பால்யத்தில் பொட்டுவெடித் துப்பாக்கி, கொஞ்சம் வளர்ந்ததும் குருவி வெடி, மீசை அரும்பியதும் அணுகுண்டு என்று படிப்படியாகத் தீட்சை பெறுகிற அவனுக்கு, திரியைக் கொளுத்துகிறவர்கள், காதைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கிறவர்கள் என்று மனித வர்க்கம் இரண்டே வகைப்படும். சினிமா பார்ப்பவன் இரண்டாம் வகை. இரண்டரை மணி நேரமும் வெடியெல்லாம் கதாநாயகனுடையது, காது மட்டும் இவனுடையது. திருத்தங்கலில் ஒரு பெரியவர் தம் பேரனை எம்.ஜி.ஆர். படத்துக்கு வருந்தி அழைத்தார். “அதுல நான் என்ன தாத்தா செய்யணும்?” என்றான் பையன். “சும்மா உக்காந்து பாருடா.” “அதுக்கு நான் எதுக்கு? நீங்களே பாத்துட்டு வாங்க.” கர்த்தா யார், சாட்சி யார் என்று வேதாந்திகள் ஏடு ஏடாக எழுதிய விஷயத்தை அவன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

மரணத்தைப் பற்றிய அபிப்பிராய பேதமும் இங்கே கவனிக்கத்தக்கது. எம்.ஜி.ஆர். திரையில் இறப்பது அபூர்வம். 1956-இன் ‘மதுரை வீர’னையும் 1962-இன் ‘பாச’த்தையும் போன்ற விதிவிலக்குகள் பாட்டனார் தலைமுறைக்கு நெஞ்சு பொறுக்காத துக்கம். பேரனோ மணிக்குப் பத்து முறை தானே சாகிறான். “செத்துட்டேன்டா, ரிவைவ் பண்ணுடா” என்று நண்பனிடம் உயிர்ப்பிச்சை கேட்கிறான். அவன் மறுத்தால் நாலு வசவு வைதுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் மறுஜன்மம் எடுத்துவிடுகிறான். நசிகேதன் யமன் வாசலில் மூன்று இரவு பட்டினி கிடந்து பெற்ற ஞானம் இவனுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வாய்த்துவிடுகிறது.

சட்டமும் தன்னால் இயன்ற உதவியைச் செய்தது. உச்ச நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிப்பதற்குக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் குறித்தாயிற்று. சரவெடிக்கும், பச்சை ஒளி தரும் பேரியத்துக்கும் தடை. கைபேசித் தீவிலோ நாள் முழுவதும் தீபாவளி. பப்ஜியை 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் அரசாங்கம் தடுத்தது மெய்யே. முன்னது மறு வருஷமே வேறு பெயர் சூடித் திரும்பிற்று, பின்னதன் ‘மேக்ஸ்’ என்ற சகோதரன் தடையில் அகப்படவே இல்லை. அந்தக் கைபேசியும் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் நுழைந்ததன்று. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று தாய் தகப்பன்மார் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தது.

விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-இல் எடுத்த ‘வெயில்’ படத்தில், பள்ளிக்கு மட்டம் போட்டுச் சினிமாவுக்குப் போன மகனைத் தகப்பன் கொளுத்தும் வெயிலில் கட்டிப்போடுகிறான். இன்று அதே ஊரில் “ஒரு படத்துக்காவது வாயேன்ப்பா” என்று தகப்பன் கெஞ்சுகிறான்; மகன் நிழலில் சாய்ந்தபடி தலை நிமிராமல் இருக்கிறான்.

அபிமான நடிகரின் படம் வெளியாகும் முதல் நாள் இதே இளைஞர்கள் தியேட்டரை நிறைக்கிறார்களே என்று கேட்கலாம். நிறைக்கத்தான் செய்கிறார்கள், ஏனெனில் அன்று அவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. வாசலில் வெடி போட வேண்டும், கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற வேண்டும், காகிதத்தைக் கிழித்துத் தூவ வேண்டும், பாட்டு வந்தால் திரைக்கு முன் ஏறி ஆட வேண்டும். வேலை தீர்ந்த இரண்டாம் வாரத்தில் நாற்காலிகள் காலியாகின்றன. ஆதலால், பிள்ளையைத் தியேட்டருக்கு அழைத்துப்போக விரும்பும் பெற்றோரே, முதல் நாள் முதல் காட்சிக்கே டிக்கெட் வாங்குங்கள், கட்டாயம் வருவான். திரும்பி வந்ததும் கதை என்னவென்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள், அவனுக்குத் தெரியாது.